அழுகை இருக்கு, கணக்கு எங்கே?



எங்கள் மாலை நேர வாசிப்பு வட்டத்துக்கு வரும் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம ஊர்ல நடக்குறதப் படிச்சு முடிக்கவே ஆயுசு பத்தாது. இதுல எதுக்குண்ணா அமெரிக்கா? அதுவும் நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது?"

நியாயமான கேள்வி. அன்று நாங்கள் வழக்கமான பதிலைச் சொன்னோம். 1873இல் ஜோதிராவ் ஃபூலே எழுதிய 'குலாம்கிரி' நூல், கறுப்பின அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பாந்தர் இயக்கம் தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆகவே அது நமக்கு அந்நிய வரலாறு அல்ல என்றோம்.

தங்கை தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். வீடு திரும்பும்போது எங்களுக்குள் ஓர் உறுத்தல். சொன்னது சரியான பதில்தான், ஆனால் முழுப் பதில் இல்லை. அந்த வரலாறு எங்களுக்கு உண்மையில் எப்போது உறைத்தது என்பதை நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்வதென்றால் நாங்கள் செய்த தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் என்பது ஒரே விடுதியில் தங்கிப் படித்து, இன்று ஒரே களத்தில் வேலை செய்யும் நான்கு பேர். இரண்டு பேர் எம்.ஏ. சமூகவியல், இரண்டு பேர் எம்.ஏ. ஆங்கிலம். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது. எமர்சன், தோரோ, ஹாதோர்ன், மெல்வில், விட்மன், எமிலி டிக்கின்சன். எல்லோரும் பெரிய எழுத்தாளர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் அந்த நாட்டில் அடிமையாக இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 40 லட்சம். அவர்களில் ஒருவர்கூட எங்கள் பாடத்திட்டத்தில் எழுத்தாளராக இல்லை.

அடிமை முறை எங்களுக்கு அறிமுகமானது ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' வழியாக. 1852இல் வந்த அந்த நாவல் முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் 3 லட்சம் படிகள் விற்றது. விடுதி அறையில் சுருக்கப் பதிப்பை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அழுதோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல மனம் கொண்ட ஒரு வெள்ளைப் பெண் எழுதிய நாவல் அது. ஆனால் முடித்தபின் எங்களில் ஒருவன் கேட்டான்: "இந்த டாம் இவ்வளவு அடி வாங்கியும் ஏன் யாரையும் திருப்பி ஒரு வார்த்தை கேக்கல?" அந்தக் கேள்விதான் எங்களை நூலகத்துக்குத் துரத்தியது. அங்கே தூசி படிந்த அலமாரியில் கிடைத்தார் ஃபிரெடரிக் டக்ளஸ்.

மேரிலாந்தில் 1818இல் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே பல தென் மாநிலங்களில் சட்டப்படி குற்றமாக இருந்த காலம். பால்டிமோரில் எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள், எஜமான் தடுத்துவிட்டான். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும் என்று அவன் சொன்ன அந்த நொடியில், விடுதலைக்கான வழி எது என்று சிறுவனுக்குப் புரிந்துவிட்டது. தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்தை வாங்கிக்கொண்டான். 1838இல் தப்பி வடக்கே வந்து, 1845இல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார்.

அந்த நூலைச் சமூகவியல் மாணவர்களாக வாசித்தபோது நாங்கள் அசந்துபோனது அடி உதைக் காட்சிகளில் அல்ல. மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, பாட்டு. அடிமைகள் வேலையின்போது பாடுவதைக் கேட்ட வெளியார் பலர், இவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். டக்ளஸ் அதை மறுக்கிறார். துயரம் மிகும்போதுதான் அந்தப் பாட்டு மிகும், கண்ணீரைப் போல அது பாரத்தை இறக்கி வைக்கும் வழி என்கிறார்.

இரண்டு, விடுமுறை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அடிமைகளுக்கு ஓய்வு தந்து, எஜமானர்களே குடிக்கத் தூண்டுவார்கள். இது கருணை அல்ல, கிளர்ச்சி வெடிக்காமல் இருக்கத் திறந்துவிடப்படும் ஆவி என்று டக்ளஸ் விளக்குகிறார். சுதந்திரம் என்றால் குடியும் கூத்தும்தான் என்று நம்பவைத்து, அதன் மீதே வெறுப்பு வரச்செய்யும் தந்திரம் என்கிறார்.

மூன்று, கூலி. கப்பல் பலகைகளின் இடைவெளியை அடைக்கும் வேலை செய்து வாரக் கூலி முழுவதையும் எஜமானிடம் கொடுத்தாக வேண்டும். ஆறு டாலர் கொண்டுவந்த வாரங்களில் எஜமான் ஆறு செண்ட்டை எடுத்து ஊக்கத்தொகையாகக் கொடுப்பான். டக்ளஸுக்கு அது இனிக்கவில்லை. கொஞ்சம் எனக்கு உரியது என்று நீ ஒப்புக்கொள்கிறாய் என்றால் முழுவதும் எனக்கு உரியது என்பதற்கு அதுவே சாட்சி என்று கணக்குப் போடுகிறார்.

இதற்குப் பெயர் என்ன? எங்கள் பாடப்புத்தகத்தின்படி இதற்குப் பெயர் சமூகவியல். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தை வெளியிட்டது 1867இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவர் தன் கூலியிலிருந்து சுரண்டலின் இலக்கணத்தை எழுதிவிட்டார். ஆனால் நூலகத்தில் அது 'வாழ்க்கை வரலாறு' அலமாரியில் இருந்தது.

அந்த நூலைத் திறந்தால் முதலில் டக்ளஸின் குரல் வராது. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரை வரும். பிறகு வெண்டெல் பிலிப்ஸின் கடிதம். இருவரும் வெள்ளையர்கள், இருவரும் நல்லவர்கள். இந்தக் கறுப்பர் சொல்வது உண்மை என்று வாசகருக்கு உறுதி சொல்கிறார்கள். அதன் பிறகுதான் அடிமையாக இருந்தவர் வாய் திறக்க முடியும்.

டக்ளஸ் இதைப் பற்றி 1855இல் எழுதிய தன் இரண்டாவது நூலில் வெளிப்படையாகச் சொல்கிறார். 1841இல் இயக்க மேடைகளில் பேசத் தொடங்கியபோது அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றுதான்: கதை. மேடைதோறும் அதே கதை. அவருக்கோ சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது, அநீதியை விவரிப்பதோடு நிற்காமல் அதை அலசவும் கண்டிக்கவும் வேண்டியிருந்தது. அப்போது இயக்கத்தைச் சேர்ந்த ஜான் காலின்ஸ் சொன்ன அறிவுரையின் சாரம் இது: நடந்ததை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து அடிமையின் கொச்சை இருந்தால் நல்லது, அதிகம் படித்தவர் போலத் தெரிந்தால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

இதை வாசித்த வாரம் எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு. ஒரு மாணவர் தோரோவைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தத்துவக் கேள்விகள் கேட்டார்கள், பாராட்டினார்கள். அடுத்து எங்களில் ஒருவர் டக்ளஸின் கூலிக் கணக்கைப் பற்றி வாசித்தார். ஆசிரியர் ஒருவர் கனிவாகச் சொன்னார்: "நல்லாயிருக்கு. ஆனா உங்க ஊர்ல உங்களுக்கு நடந்த அனுபவத்தையும் சொல்லியிருந்தா இன்னும் டச்சிங்கா இருந்திருக்கும்." தோரோவைப் பற்றிப் பேசிய மாணவரிடம் அவருடைய ஊரில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்றிரவு விடுதியில் காலின்ஸின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்களுக்குள் அது ஒரு கிண்டல் சொல்லாகவே ஆகிவிட்டது. "காலின்ஸ் வர்றாரு பாரு" என்போம்.

பெண்களுக்கு இது இன்னும் கடுமையாக நடந்தது. சோஜர்னர் ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், அவர் முதலில் பேசிய மொழி டச்சு. 1851இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் பெண்கள் மாநாட்டில் பேசினார். அடுத்த மாதமே ஒரு பத்திரிகையில் அந்தப் பேச்சு வந்தது. உழுதேன், அறுத்தேன், மரம் வெட்டினேன், எந்த ஆணுக்குக் குறைந்தவள் நான் என்று உழைப்பை முன்வைத்து உரிமை கேட்கும் தெளிவான வாதம் அதில் இருக்கிறது. 12 ஆண்டு கழித்து, 1863இல், பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண் அதே பேச்சை நினைவிலிருந்து எழுதினார். அதில் ட்ரூத் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் பேசுகிறார். ஐந்து பிள்ளைகள் பெற்றவருக்குப் பதின்மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டன. இன்று உலகம் முழுவதும் சுவரொட்டிகளில் காணும் அந்தப் புகழ்பெற்ற கேள்வி முதல் பதிவில் கிடையாது, கேஜ் எழுதியதில்தான் வருகிறது. எங்கள் விடுதிச் சுவரிலும் அதுதான் ஒட்டியிருந்தது.

ஹேரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவில் எஜமானின் பாலியல் துன்புறுத்தலிலிருந்து தப்ப, பாட்டியின் வீட்டுக் கூரைக்கு அடியில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத பொந்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். சுவரில் போட்ட சிறு துளை வழியாகத் தன் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே தப்பி வந்தபின், தன் வரலாற்றைப் பதிவு செய்ய ஸ்டோவின் உதவியை நாடினார். ஸ்டோவோ அதைத் தன்னுடைய அடுத்த நூலில் ஓர் ஆதாரமாகச் சேர்த்துக்கொள்ள விரும்பினார். அது மட்டுமல்ல, கதை உண்மையா என்று ஜேக்கப்ஸ் வேலை பார்த்த வீட்டு அம்மாவுக்கே எழுதிக் கேட்டார். ஜேக்கப்ஸ் நொந்துபோனார். நானே எழுதுகிறேன் என்று முடிவெடுத்தார். பகலெல்லாம் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் எழுதினார். 1861இல் புனைபெயரில் நூல் வந்தது, லிடியா மரியா சைல்ட் என்ற வெள்ளை எழுத்தாளர் தொகுத்ததாகத் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. பிறகு நூறாண்டுக்கும் மேலாக, இதை ஓர் அடிமைப் பெண் எழுதியிருக்க முடியாது, சைல்ட்தான் எழுதியிருப்பார் என்றே பல அறிஞர்கள் நம்பினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியவர் ஜேக்கப்ஸேதான் என்று 1980களில் நிறுவினார்.

இதையெல்லாம் படித்துக் கோபப்பட்டவர்கள்தான் நாங்கள். இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

படிப்பு முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு சேரியில் சுடுகாட்டுப் பாதை அடைக்கப்பட்ட பிரச்சினைக்காக உண்மை அறியப் போனோம். பிணத்தை வயல் வரப்பில் தூக்கிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து போகிறார்கள். பலரிடம் பேசினோம். ஓர் அக்கா இரண்டு மணி நேரம் பேசினார். மாமியாரின் உடலைக் கொண்டுபோனபோது பாடை சரிந்ததைச் சொல்லி அழுதார். நாங்களும் கலங்கினோம், எழுதிக்கொண்டோம். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பழைய மாதக் காலண்டரை எடுத்து வந்தார். தேதிகளின் மேல் பேனாவால் புள்ளிகள். வேலைக்குக் கூப்பிட்ட நாளுக்கு ஒரு புள்ளி.

"இங்க பாரு தம்பி. எங்க ஆம்பளைங்க ஊர்ச் சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம்னு சொன்னது தை மாசம். அதுக்கப்புறம் புள்ளி எவ்ளோ இருக்குன்னு எண்ணு. நடவுக்கு வெளியூர்லேர்ந்து ஆள் கூட்டியாந்தாங்க. நாங்க அப்பவும் அசையல. அடுத்த மாசம்தான் பாதைய அடைச்சாங்க. பொணத்துக்காக அடைக்கல தம்பி. கூலிக்காக அடைச்சது."

காலண்டரைப் பார்த்தோம். தலையாட்டினோம். அறிக்கை எழுதும்போது, நிதி தரும் அமைப்பின் படிவத்தில் 'பாதிக்கப்பட்டவரின் கதை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பாடை சரிந்த காட்சி போயிற்று. 'சமூகவியல் பகுப்பாய்வு' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதை நாங்கள் நிரப்பினோம். தீட்டு, புனிதம், வெளி, அதிகாரம் என்று படித்ததையெல்லாம் கொட்டினோம். காலண்டர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அறிக்கையைச் சேரியில் வாசித்துக் காட்டினோம், அதுவரைக்கும் ஒழுங்குதான். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அந்த அக்கா மட்டும் எழுந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. நான் அழுதது எல்லாம் இருக்கு. நான் போட்ட கணக்கு எங்க?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நால்வருக்கும் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. கருத்தரங்கில் நாங்கள் சிரித்த காலின்ஸ், இப்போது நாங்கள்தான். ஒரே சாதி, ஒரே சேரி மண், அதே நீலக்கொடி. இருந்தும் ஒரு பட்டமும் ஒரு படிவமும் போதுமாக இருந்தன, அவர் தருவது கண்ணீர், நாங்கள் தருவது சிந்தனை என்று பிரித்துவிட.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க அடிமை முறையும் நம் சாதியும் ஒன்றல்ல. ஒன்று சட்டம் போட்டு மனிதரைச் சொத்தாக்கியது. மற்றொன்று சட்டம் மாறிய பின்னும் மனத்திலும் ஊர் அமைப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. தீண்டாமையையும் அடிமை முறையையும் அண்ணலே ஒப்பிட்டு வேறுபாடுகளை எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு பழக்கம் ஒன்றாக இருக்கிறது. ஒடுக்கப்பட்டவருக்குச் சாட்சிக் கூண்டு உண்டு, நீதிபதி நாற்காலி கிடையாது. எப்படி வலித்தது என்று கேட்பார்கள். ஏன் வலித்தது என்று கேட்கமாட்டார்கள்.

டக்ளஸ் இதிலிருந்து வெளியே வந்த வழியையும் படிக்க வேண்டும். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் 1846இல் 150 பவுண்டு கொடுத்து அவருடைய சட்டபூர்வ விடுதலையை வாங்கினார்கள். நாடு திரும்பியவர் சொந்தப் பத்திரிகை தொடங்க விரும்பினார். பாஸ்டன் நண்பர்கள் தடுத்தார்கள். பத்திரிகை தேவையில்லை, எழுதுவதைவிடப் பேசுவதுதான் உங்களுக்குப் பொருத்தம் என்றார்கள். அவர் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து 1847 டிசம்பரில் 'நார்த் ஸ்டார்' பத்திரிகையைத் தொடங்கினார். கேரிசனோடு இருந்த உறவு முறிந்தது. 1855இல் இரண்டாவது நூல் வந்தபோது முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித். கறுப்பர். கறுப்பர் என்பதால் அமெரிக்கக் கல்லூரிகள் கதவை மூட, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். விடுதலை பெற்ற கறுப்பர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று 1840 கணக்கெடுப்பைக் காட்டி அடிமை முறையை நியாயப்படுத்தியபோது, அந்தப் புள்ளிவிவரமே பொய் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். பத்தாண்டுக்குள் முன்னுரை கைமாறிவிட்டது. இதைத்தான் நாங்கள் வரலாறு என்கிறோம்.

1899இல் டு பாய்ஸ், பிலடெல்பியாவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் வீடு வீடாகப் போய்த் திரட்டிய ஆய்வை நூலாக்கினார். வறுமையும் குற்றமும் அவர்களின் இரத்தத்தில் இருக்கிறது என்ற பேச்சுக்கு வேலை, வாடகை, கூலி என்று எண்ணிக் காட்டி விடை சொன்னார். நம்மிடமும் இந்த வழி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எங்களுக்கு இவ்வளவு நடந்தது என்று முறையிட மட்டுமா அச்சு எந்திரம் வாங்கினார்கள்? வரலாற்றையே திருப்பி எழுத வாங்கினார்கள்.

அந்த அறிக்கையை நாங்கள் மாற்றி எழுதினோம். அக்காவின் காலண்டர் முதல் பக்கத்துக்கு வந்தது. அவர் சொல்லச் சொல்ல மாதவாரியாக அட்டவணை போட்டோம். எங்கள் 'பகுப்பாய்வு' அரைப் பக்கமாகச் சுருங்கியது, அதுவும் அவர் ஒப்புக்கொண்ட பிறகு. அந்த அட்டவணையோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவரே மனுக் கொடுத்தார். தீண்டாமைப் புகார் என்றால் "பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லிப் பழகிய அலுவலர்கள், தேதியும் நாளும் கூலியும் எழுதிய தாளைப் பார்த்துக் கொஞ்சம் திணறினார்கள். பாதை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் அந்தச் சேரியில் இப்போது பதினோரு வீடுகளில் காலண்டரில் புள்ளி வைக்கிறார்கள்.

தங்கையே, உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம். டக்ளஸையும் ஜேக்கப்ஸையும் படிப்பது அவர்களுக்காக அழுவதற்கு அல்ல. உன் கல்லூரியில் உன்னிடமும் ஒருநாள் "அனுபவத்தைச் சொல்லு" என்பார்கள். சொல். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதே. அது ஏன் நடந்தது என்பதையும் நீயே சொல். நாளைக்கு நீ கையில் நோட்டோடு ஒரு சேரிக்குப் போவாய். அங்கே ஓர் அம்மா அழுது முடித்தபின் உள்ளே போய் எதையாவது எடுத்து வருவார். அதுவரை எழுந்துவிடாதே.

ஜெய் பீம்.